பஸ்ல கேட்ட பாட்டு: வயலின், உகுலேலே, ஒரே வரி திரும்பத் திரும்ப... இது யாரு?

துவாஸ்_நைட்ஷிஃப்ட் | திங்கள், காலை 9.12

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பாட்டைக் கண்டுபிடிக்க உதவி வேணும்.

ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வந்துட்டிருந்தேன். காதுல ராஜா சாரோட ‘ஹவ் டு நேம் இட்’ ஓடிச்சு. அப்படியே தூங்கிட்டேன். முழிச்சப்ப பஸ் சிங்கப்பூர் ஆயர் ராஜா விரைவுச்சாலையில நெரிசல்ல நிக்குது, காதுல வேற என்னமோ ஓடுது. பியானோ மாதிரி ஒண்ணு ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வாசிக்குது. ஒவ்வொரு சுத்துக்கும் வயலின்காரங்க ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்துக்கறாங்க. குரல் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. தொடையில தாளம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சுத்து முடிவுலயும் ஒரு தட்டு குறையுது. காலை வச்சா படி இல்லாத மாதிரி.

பேரைப் பார்க்கறதுக்குள்ள போன் செத்துப் போச்சு. அதுக்கு முன்னாடி இன்னொண்ணும் ஓடின ஞாபகம், அதுல உகுலேலே, அந்தக் குட்டி கிட்டார் மாதிரி ஒரு சத்தம். கர்நாடகமா, வெள்ளைக்காரன் சங்கீதமா, கிராமத்து ஆட்டப் பாட்டா, ஒண்ணும் பிடிபடல. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரல.

பழைய_கேசட் | திங்கள், காலை 10.40

தம்பி, அந்த ‘ஒரு தட்டு குறையுது’ ஒண்ணே போதும். அது ‘பெர்பெச்சுவம் மொபிலே’. குழு, பெங்குவின் கஃபே ஆர்கெஸ்ட்ரா. 1987ல வந்த ‘சைன்ஸ் ஆஃப் லைஃப்’ இசைத்தட்டுல இருக்கு. கேட்டுப் பார்த்து இதுதானான்னு சொல்லுங்க.

நான் இவங்களைக் கண்டது எஸ்பிளனேட் நூலகத்துல. ரொம்ப வருஷம் முன்னாடி, குறுந்தகடு இரவல் எடுத்த காலம். மேலட்டையில மனுஷ உடம்பு, பெங்குவின் தலை. குழந்தைகள் பாட்டுன்னு நினைச்சு என் மகளுக்காக எடுத்துட்டுப் போனேன். அவ அஞ்சு நிமிஷத்துல ஓடிட்டா. நான் அந்தத் தட்டை மூணு தடவை புதுப்பிச்சேன்.

ஆளு பேரு சைமன் ஜெஃப்ஸ், ஆங்கிலேயர். கிளாசிகல் கிட்டார் படிச்சவர். அந்தப் பக்கத்துக் கட்டுப்பாடும் ஒத்து வரல, ராக் இசையும் பத்தல. ஹெலன் லீப்மன்ங்கிற செல்லோ கலைஞரோட சேர்ந்து ஆரம்பிச்சார். முதல் இசைத்தட்டு 1976ல, பிரையன் ஈனோ நடத்தின நிறுவனத்துல வந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல லண்டன் ரவுண்ட்ஹவுஸ்ல முதல் பெரிய கச்சேரி. யாரோட கச்சேரிக்கு முன்னாடி வாசிச்சாங்க தெரியுமா? ஜெர்மன் குழு கிராஃப்ட்வெர்க்! மின்னணு இசைக்குக் காத்திருந்த கூட்டத்துக்கு முன்னாடி வயலினும் செல்லோவும். அந்தத் தைரியத்தை நினைச்சா இன்னிக்கும் சிரிப்பு வருது.

துவாஸ்_நைட்ஷிஃப்ட் | திங்கள், காலை 10.58

அதே தான் அண்ணே!!! இப்ப நாலாவது தடவை ஓடுது. தூங்கணும், சாயங்காலம் மறுபடி ஷிஃப்ட்.

நெறியாளர் | திங்கள், மதியம் 12.05

இழையைத் திரைப்பாடல் பகுதியிலிருந்து பல்லிசைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன்.

தொப்பி_மாமா | திங்கள், மதியம் 1.30

நாற்பது வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன், சொல்லிக்கொடுக்கிறேன். பேரப்பிள்ளை இந்த இழையைக் காட்டினான், கேட்டேன்.

தட்டு ஒன்றும் குறையவில்லை. சுற்றுக்குப் பதினைந்து. ரூபகத்துக்குப் போடுவதுபோல மூன்று எண்ணிக்கை வைத்துக் கண்ட நடையில் (எண்ணிக்கைக்கு ஐந்து) ‘தகதகிட’ என்று மூன்று முறை சொன்னால் பதினைந்து சரியாக வந்து விழும். ஆனால் வரியைக் கேட்டால் அது அப்படி நடக்கவில்லை. என் காதுக்கு எட்டும் ஏழுமாகத்தான் கேட்கிறது: ‘தகதிமி தகஜொணு’, பிறகு ‘தகிட தகதிமி’. முதல் பாதியில் ஆதி தாளம் என்று நம்பவைத்து, இரண்டாம் பாதியில் ஒன்றைக் கழித்துக்கொள்கிறான். தம்பி தடுக்கி விழுந்த படி அதுதான்.

கெட்டிக்காரத்தனம் தெரியாமல் செய்திருக்கிறார் பாருங்கள், அதைத்தான் ரசித்தேன். நம்மில் பதினைந்து அட்சரத்தில் ஒன்று போட்டால் முதலில் மைக்கைப் பிடித்து அறிவிப்போம்.

சபா_முதல்வரிசை | திங்கள், மாலை 6.20

எல்லாரும் புகழ்வதால் நானும் கேட்டேன். மன்னிக்கவும், நல்ல ஹோட்டல் லிஃப்டில் போடுகிற சங்கதி. ராகம் எங்கே? வளர்ச்சி எங்கே? ஒரே வரியை நான்கு நிமிடம் வாசிப்பதற்கு ஏன் இத்தனை பேர்? ஃபியூஷன் என்ற பெயரில் முப்பது வருடமாகப் பார்த்துவிட்டேன். சாக்ஸஃபோன், கிட்டார், கஞ்சிரா, ஆளுக்கு இரண்டு நிமிடம் தனி, கடைசியில் எல்லாரும் சேர்ந்து கதனகுதூகல ராகம், கைதட்டல், பொன்னாடை. இதில் அந்தக் கதனகுதூகலம்கூட இல்லை.

பழைய_கேசட் | திங்கள், மாலை 6.41

ஹாஹா, அந்தக் கதனகுதூகலத்துக்கு என் கைதட்டல். ஆனா சார், நீங்க சொன்னதே தான் என் கட்சியும். இதுல யாரும் தனி வாசிக்கல. ‘பார், நான் கிழக்கு, அவர் மேற்கு, கை குலுக்கறோம்’ங்கிற காட்சி இல்ல. ஒரு வீட்டு முன்னறையில நாலு பேர் கையில கிடைச்சதை எடுத்து வாசிக்கிற மாதிரி இருக்கு. ஃபியூஷன்னா எனக்கும் அலர்ஜி. இதை நான் அந்தக் கணக்குல சேர்க்கவே மாட்டேன்.

அங்மோகியோ_ரஞ்சனி | திங்கள், இரவு 9.15

சபா சார், ‘ஒரே வரி’ என்பது குறை இல்லை, அதுதான் அந்த வகையின் முறையே. மினிமலிசம் என்று சொல்வார்கள். சின்ன வரி, நிறைய சுற்று, மெல்ல மெல்ல மாற்றம்.

அந்த முறைக்குள் நம் பக்கத்துச் சரக்கும் கொஞ்சம் இருக்கிறது. அதை வளர்த்த மூன்று அமெரிக்கர்களைப் பாருங்கள். 1965ல் பாரிஸில் பிலிப் கிளாஸ் ஒரு படத்துக்காக ரவிஷங்கர் இசையை மேற்கத்திய வாத்தியக்காரர்கள் வாசிக்கும்படி எழுதிக்கொடுக்கும் வேலை பார்த்தார். உடன் இருந்தவர் தபலா அல்லா ரக்கா. தாளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்காமல், சின்னச் சின்ன அலகுகளைச் சேர்த்துச் சேர்த்து வளர்க்கலாம் என்பது அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது. டெர்ரி ரைலி 1970லிருந்து பண்டிட் பிராண் நாத்திடம் பாட்டுப் பயின்றார். ஸ்டீவ் ரைக் அதே 1970ல் கானா போய்க் கொட்டு படித்தார், பிறகு பாலித் தீவு கேமலான், பலர் சேர்ந்து வாசிக்கும் இந்தோனேசிய வெண்கல வாத்தியக் குழு.

நான் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் கேமலான் வாசித்தேன். என் பங்கு நாலே சுரம். முதல் வாரம் அலுப்பு. மூன்றாவது வாரம் பக்கத்தில் வாசிப்பவர் என் சுரங்களுக்கு நடுவே இருக்கும் காலி இடங்களை நிரப்புவது காதில் விழ ஆரம்பித்தது. அப்புறம் அந்த நாலு சுரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. பெங்குவின்காரர்களைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த அறை, அந்தப் பாய், மரத்துப் போன கால்.

வீராச்சாமி_ரோடு | திங்கள், இரவு 9.50

ஆக எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான். தமிழன்டா!

அங்மோகியோ_ரஞ்சனி | திங்கள், இரவு 9.58

அல்லா ரக்கா ஜம்மு, பிராண் நாத் லாகூர், கேமலான் ஜாவா, பாலி. இதில் தமிழன் எங்கே வந்தார் அண்ணே? 🙂 சுட்டதும் கொடுத்ததும் எல்லாப் பக்கமும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் கும்பினிக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வரம் செய்தாரே. ‘சந்ததம் பாஹிமாம்’ பாடிப் பாருங்கள், இங்கிலாந்து ராஜாவின் கீதம். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கையில் எடுக்கவில்லை என்றால் இன்று கச்சேரி மேடையில் அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

வீராச்சாமி_ரோடு | திங்கள், இரவு 10.03

சரி சரி, ஒரு தே ஓ குடிச்சிட்டு வரேன்.

பழைய_கேசட் | செவ்வாய், காலை 7.30

1976ன்னு சொன்னேன்ல. ராத்திரி உட்கார்ந்து யோசிச்சேன். அதே வருஷம் கிட்டார்காரர் ஜான் மெக்லாக்லினோட ‘சக்தி’ குழுவோட முதல் இசைத்தட்டு. அதே வருஷம் நியூயார்க்ல ஸ்டீவ் ரைக்கோட பதினெட்டு வாத்தியக்காரர் இசை முதல்ல அரங்கேறிச்சு. அதே வருஷம் ‘அன்னக்கிளி’. ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, ஆனா எல்லாரும் வேலியைத் தாண்டியிருக்காங்க.

துவாஸ் தம்பி காதுல ராஜாவுக்கு அடுத்து இவங்க வந்ததும் சும்மா இல்ல. ‘ஹவ் டு நேம் இட்’ 1986, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் சமர்ப்பணம். அதுல வி.எஸ். நரசிம்மன் வயலினைக் கேட்டுட்டு, அடுத்த வருஷம் வந்த இந்தப் பதினைஞ்சைக் கேளுங்க. ராஜா ஒவ்வொரு நொடியும் எதையாவது செய்துட்டே இருப்பார், எதிர்வரி, கீழ்வரி, ஒண்ணை ஒண்ணு துரத்தும். ஜெஃப்ஸ் ஒண்ணை வச்சுட்டுக் காத்திருப்பார். எனக்கு ரெண்டும் வேணும், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஜெஃப்ஸ்.

அல்ஜூனிட்_ஆட்டக்காரி | செவ்வாய், காலை 11.10

நடனப் பக்கத்திலிருந்து ஒரு தகவல். இவங்க இசையை வச்சு டேவிட் பின்ட்லி 1988ல் லண்டன் ராயல் பாலே குழுவுக்கு ஒரு நாட்டியம் அமைச்சார். அழிஞ்சுபோன, அழியப்போற விலங்குகளோட முகமூடி போட்டு ஆடுவாங்க. சிரிச்சுக்கிட்டே பார்த்துட்டு இருப்போம், கடைசியில மழை பெய்யும்போது அடிவயிறு கலங்கும். நான் காணொளியில்தான் பார்த்தேன். பதினஞ்சுக்கு அடவு போட்டுப் பார்த்தேன், முட்டி போச்சு.

சுருதிப்பெட்டி | செவ்வாய், மாலை 7.45

பெங்குவின் கஃபே என்ற பெயர் எப்படி வந்தது என்று யாரும் சொல்லவில்லையே. 1972, தென் பிரான்ஸ். ஜெஃப்ஸ் கெட்டுப்போன மீனைத் தின்றுவிட்டுக் காய்ச்சலில் கிடக்கிறார். கண்ணுக்குள் ஒரு கட்டடம், ஹோட்டல் மாதிரி. அறை அறையாக மனிதர்கள், ஒருவருக்கொருவர் பேச்சில்லை, எல்லாவற்றையும் ஒரு மின்கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. உடம்பு தேறிக் கடற்கரையில் கிடந்தபோது அதற்கு நேர்மாறாக ஒரு கவிதை மனதில் ஓடியதாம், பெங்குவின் கஃபேயின் முதலாளியே வந்து பேசுவதுபோல. எதையும் முன்கூட்டித் திட்டமிடாத ஓர் இடம்.

கேமரா இல்லாத மூலையே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கனவைப் படிப்பது தனி அனுபவம். போகட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. 1981 தட்டில் ‘டெலிஃபோன் அண்ட் ரப்பர் பேண்ட்’ என்று ஒன்று. ஒருநாள் போன் செய்தபோது இணைப்புக் கோளாறில் மணி அடிக்கிற சத்தமும் ‘எங்கேஜ்டு’ சத்தமும் ஒன்றாகவே கேட்டிருக்கின்றன. மற்றவர்கள் வைத்துவிடுவார்கள். இவர் பதிவு செய்து, நாடாவைச் சுற்றவிட்டு, மேலே ரப்பர் பேண்டைச் சுண்டி, வயலின் சேர்த்துவிட்டார். இங்கே வளர்ந்தவர்களுக்கு அது உடனே ஒட்டும். பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன அதே இரட்டை மணிதான் நம் ஊர்ப் போனிலும்: ட்ரிங்-ட்ரிங், நிறுத்தம், ட்ரிங்-ட்ரிங். எனக்கு அது இசையாகக் கேட்கவில்லை. பொதுத் தொலைபேசியில் பத்துக் காசைப் போட்டுவிட்டு அம்மா எடுப்பாளா என்று நிற்கிறேன்.

தொப்பி_மாமா | செவ்வாய், இரவு 8.30

அந்த மணிக்கும் ஒரு சுருதி இருக்கிறது. அதை ஆதார சட்ஜமாக வைத்துக்கொண்டுதான் மேலே போகிறார்கள். தம்புரா கிடைக்காதவன் தொலைபேசியை வைத்துக்கொண்டான்!

சுருதிப்பெட்டி | செவ்வாய், இரவு 8.52

மாமா, இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். 1992ல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் இறந்தபோது ஜெஃப்ஸ் ஓர் அஞ்சலி செய்தார், ‘கேஜ் டெட்’ (CAGE DEAD). மேற்கத்திய சுரங்களுக்கு எழுத்துப் பெயர்தானே, அந்த இரண்டு சொற்களின் எட்டு எழுத்தும் சுரமாகவே அமைந்துவிட்டன. அதையே வரியாக வாசித்துவிட்டார். பாட்டின் எழுத்தே சுரமாகவும் வருகிற நம் ஸ்வராக்ஷரம் அச்சு அசல்.

தொப்பி_மாமா | செவ்வாய், இரவு 9.04

பலே. சாவுச் செய்தியில் ஸ்வராக்ஷரம் கேள்விப்பட்டதில்லை.

சபா_முதல்வரிசை | செவ்வாய், இரவு 10.15

இது கேட்டேன். தொலைபேசி. ஒப்புக்கொள்கிறேன், சிரித்துவிட்டேன். லிஃப்டில் போட மாட்டார்கள்.

பொத்தோங்பாசிர்_மல்லி | புதன், காலை 6.50

எனக்கு சங்கீதம் தெரியாது, படிச்சுட்டே வரேன். யாரோ முதல்ல ஆர்மோனியம்னு சொன்னீங்களா, இல்ல நானே நினைச்சுக்கிட்டேனா? இவங்க ஆர்மோனியம் வாசிப்பாங்களா?

பழைய_கேசட் | புதன், காலை 7.20

வாசிப்பாங்களாவா? இவங்க பேர் போனதே அதாலதான் அக்கா. 1982ல ஜெஃப்ஸ் ஜப்பான் போயிருக்கார். கியோட்டோ ஊர்ல ஒரு சந்துல யாரோ வேண்டாம்னு போட்டுட்டுப் போன ஆர்மோனியம். எடுத்து வந்து வாசிச்சுப் பார்த்ததுல பிறந்தது ‘மியூசிக் ஃபார் அ ஃபவுண்ட் ஹார்மோனியம்’, கண்டெடுத்த ஆர்மோனியத்துக்கான இசை. 1984 தட்டுல வந்துச்சு. அதை ஐரிஷ்காரங்க எடுத்து அக்கார்டியன், ஃபிடில்ல வாசிச்சு வாசிச்சு, இப்போ பாதிப் பேருக்கு அது அவங்க ஊர்ப் பழைய ஆட்டப் பாட்டுன்னே நினைப்பு. எழுதினவன் ஆங்கிலேயன், பெட்டி கிடைச்சது ஜப்பான்ல. இதுக்கு மேல கலவை வேணுமா? ஏன் கேட்டீங்க?

பொத்தோங்பாசிர்_மல்லி | புதன், காலை 7.55

எங்க மாமனார் செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை பார்த்தவர். சாயங்காலமானா நாடகத்துக்குப் பெட்டி வாசிப்பார். நான் கல்யாணமாகி வந்தப்பவே அவர் வாசிக்கிறதை விட்டுட்டார். பெட்டி மட்டும் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்துச்சு. இப்போ கட்டிலுக்கு அடியில, பழைய சேலையில சுத்தி. மாமனார் போயி பதினோரு வருஷம்.

போன வாரம் கருங்குனி அண்ணன், பழைய சாமான் வாங்கறவர், புளோக் கீழ ஹாரன் அடிச்சார். பழைய ஃபேனோட சேர்த்துப் பத்து வெள்ளிக்குக் கேட்டார். வீட்டுக்காரர் சரின்னுட்டார். நான்தான் அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம்னா வர்ற சனி.

துவாஸ்_நைட்ஷிஃப்ட் | புதன், காலை 8.01

அக்கா வேணாம்!!!

சுருதிப்பெட்டி | புதன், காலை 8.40

கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பெட்டி ஏற்கெனவே பட்டது போதும். பாரிஸில் டெபேன் என்பவர் 1842ல் உரிமம் வாங்கிய சாமான். அங்கே காலால் மிதிப்பது, நம்மவர் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடும்படி மாற்றிக்கொண்டார்கள். சுரத்தை அசைக்கிற கமகம் வராது என்று பண்டிதர்கள் திட்டினார்கள். அகில இந்திய வானொலி 1940லிருந்து 1971 வரை தடையே போட்டது. அந்தக் காலம் முழுக்க அதைக் காப்பாற்றியது நாடக மேடையும் பஜனை மடமும்தான், உங்கள் மாமனார் மாதிரி ஆட்கள்.

வாசித்தால் என்ன ஆகிறது?

பொத்தோங்பாசிர்_மல்லி | புதன், இரவு 9.30

இறக்கி வச்சாச்சு. மரத்துல பூஞ்சை, துடைச்சேன். துருத்தி இழுக்குது, ஆனா புஸ்ஸுனு காத்து போகுது. சில கட்டை சத்தமே இல்ல. ஒரு கட்டை மட்டும் தொடாமலேயே கத்துது, நிறுத்தவே மாட்டேங்குது. பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி எட்டிப் பார்த்து, பூனை வாங்கியிருக்கியான்னு கேட்டாங்க.

சுருதிப்பெட்டி | புதன், இரவு 9.58

நல்ல செய்திதான். சத்தம் வராத கட்டைக்குப் பெரும்பாலும் ரீடு நாக்கில், அதாவது காற்றில் அதிர்ந்து ஒலிக்கிற மெல்லிய தகட்டில், தூசி. மேல்பலகையைக் கழற்றி, நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய காகிதத்தை விட்டு மெதுவாக இழுங்கள். நாக்கை வளைத்துவிடாதீர்கள், சுருதி போய்விடும். தானாகக் கத்துகிற கட்டைக்கு ரீடு காரணமில்லை. கட்டைக்கு அடியில் காற்றை அடைக்கிற மூடி சரியாக உட்காரவில்லை: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது அதன் தோல் இந்த ஊர் ஈரத்தில் விறைத்திருக்கும். துருத்தி மடிப்பில் ஓட்டை இருந்தால் மெல்லிய தோல் ஒட்டலாம். எண்ணெய் மட்டும் எங்கேயும் போடாதீர்கள்!

எந்தக் கட்டை கத்துகிறது?

பொத்தோங்பாசிர்_மல்லி | புதன், இரவு 10.20

மகன் போன்ல ஏதோ செயலி வச்சுப் பார்த்தான். ‘எஃப்’னு காட்டுதாம்.

தொப்பி_மாமா | புதன், இரவு 10.26

‘எஃப்’ என்றால் நாலு கட்டை சுருதி. அம்மா, அந்தக் காலத்து நாடகக்காரர்கள் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடியவர்கள், கீழே இறங்கவே மாட்டார்கள். உங்கள் மாமனார் அந்தக் கட்டையைத்தான் அதிகம் அழுத்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. தேய்ந்தது அதனால்தானோ என்னவோ.

சபா_முதல்வரிசை | வியாழன், காலை 9.00

பத்து வெள்ளிக்கா கொடுக்கப் பார்த்தீர்கள்? சுங்கை ரோடு சந்தை 2017ல் மூடுவதற்கு முன்பு அங்கே இதைவிட மோசமான பெட்டி ஒன்றைப் பார்த்தேன், பேரம் பேசிவிட்டு வாங்காமல் வந்தேன். இன்னும் உறுத்துகிறது. மெல்லிய ஆட்டுத்தோல் என்னிடம் இருக்கிறது, மிருதங்கக்காரர் ஒருவர் கொடுத்தது. வேண்டுமானால் தருகிறேன்.

அங்மோகியோ_ரஞ்சனி | வியாழன், காலை 9.20

சபா சார் கட்சி மாறிவிட்டார், எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

சபா_முதல்வரிசை | வியாழன், காலை 9.31

மாறவில்லை. ஆர்மோனியம் வேறு, லிஃப்ட் வேறு.

துவாஸ்_நைட்ஷிஃப்ட் | வெள்ளி, காலை 9.40

ஜெஃப்ஸ் இப்போ எங்க இருக்கார், கச்சேரி எதும் உண்டான்னு தேடினேன். 1997 டிசம்பர்லயே மூளைக்கட்டியால போயிட்டாராம், 48 வயசு. அஞ்சு நாளா பக்கத்துல உட்கார்ந்திருந்த ஆள் மாதிரி இருந்துச்சு, ஒரு மாதிரி ஆயிட்டேன். மகன் ஆர்தர் 2009ல ‘பெங்குவின் கஃபே’ன்னு புது ஆளுங்களோட ஆரம்பிச்சிருக்கார், அப்பா பாட்டும் வாசிக்கிறாங்க, புதுசும் போடறாங்க.

பஸ்ல பக்கத்து சீட்டு பங்களாதேஷ் தம்பிக்கு ஒரு காதைக் கொடுத்தேன். ஆர்மோனியப் பாட்டு. பத்து நொடி கேட்டுட்டு, எங்க ஊர்ப் பாட்டான்னு கேட்டான்.

பொத்தோங்பாசிர்_மல்லி | சனி, இரவு 8.15

கருங்குனி அண்ணன் வந்தார். ஃபேனை மட்டும் கொடுத்தேன், ரெண்டு வெள்ளி.

காகிதம் விட்டு இழுத்ததுல ஏழு கட்டை திரும்பிடுச்சு. ஓட்டைக்கு இப்போதைக்கு பிளாஸ்திரி. மகன் அந்தக் கண்டெடுத்த ஆர்மோனியப் பாட்டைப் போன்ல வச்சுட்டு ஒரு விரலால தேடிட்டிருக்கான். அந்த ‘எஃப்’ கட்டை மட்டும் கத்திட்டேதான் இருக்கு. சரி பண்ணட்டுமான்னு கேட்டேன், வேணாம்மா, அதுபாட்டுக்குப் பின்னாடி இருக்கட்டும்ங்கறான். வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல, டிவி சத்தத்தைக் குறைச்சார்.

சபா சார், அந்தத் தோல் ஞாயிறு சாயங்காலம் கொண்டு வர முடியுமா? பொத்தோங் பாசிர் எம்ஆர்டி வெளியே வந்து நில்லுங்க, மகனை அனுப்பறேன். தோசை இருக்கு.

சபா_முதல்வரிசை | சனி, இரவு 8.22

ஐந்து மணிக்கு வருகிறேன். மிருதங்க மாமாவையும் அழைத்து வரலாமா?